பிடித்த பத்து கிளாசிக் நூல்கள்: கேள்வி பதில்

எங்கள் வாசகர் வட்டம் மூன்றாவது முறையாக ‘நமக்குப் பிடித்த கிளாசிக் நூல்கள்’ பட்டியலைத் தயாரிக்கிறது. விதிகள் எளிமையானவை. நூல் முதலில் வெளிவந்து ஐம்பது ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். எந்த மொழி நூலாகவும் இருக்கலாம். ஒவ்வொருவரும் பத்து நூல்களை வரிசைப்படுத்தித் தர வேண்டும். முதலிடத்துக்குப் பத்து மதிப்பெண், பத்தாமிடத்துக்கு ஒன்று. கூட்டிப் பார்த்து அதிக மதிப்பெண் பெற்ற ஐம்பது நூல்களை வெளியிடுவோம். முந்தைய இரண்டு முறையும் சீட்டுகளை எண்ணியவள் நான்தான். அதனால் சந்தேகங்களை என்னிடம் கேட்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் ‘போரும் வாழ்வும்’ படித்ததில்லை. ‘டான் கிஹோத்தே’ படித்ததில்லை. கம்பராமாயணத்தில் பள்ளிப் பாடத்தில் வந்த பாட்டுகள் மட்டும்தான் தெரியும். இவை எதுவும் இல்லாமல் ஒரு கிளாசிக் பட்டியல் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?

பதில்: நன்றாகவே இருக்கும். முதல் பட்டியலின்போது நடந்ததைச் சொல்கிறேன். எண்ணி முடித்து, எல்லோரும் கூடியிருந்த இடத்தில் முதலிடம் பெற்ற நூலின் பெயரை வாசித்தேன். கைதட்டினார்கள். “சரி, இதில் உங்கள் மனசில் நிற்கிற ஒரு இடத்தைச் சொல்லுங்கள்” என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் “படித்து ரொம்ப நாளாச்சு” என்றார். எல்லோரும் மரியாதைக்காகப் போட்டிருந்தார்கள். பதினான்காவது இடத்தில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ இருந்தது. அந்தப் பெயரை வாசித்ததும் ஒருவர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை பேசுவதுபோலவே பேசிக் காட்டினார். இன்னொருவர் அந்த நாவலில் ஊர்வம்பு பேசும் கூட்டமான ‘வம்பர் மகாசபை’யைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒரு புரளி எப்படிக் கணவன் மனைவி இரண்டு பேரையும் பிரித்துவிடுகிறது என்று ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. ராஜம் ஐயர் இருபத்தாறு வயதில், 1898-இல் இறந்துபோனவர். அவர் எழுதிய ஒரே நாவல் அது. அன்றைக்கு அந்த அறையில் உண்மையான முதலிடம் அதற்குத்தான்.

அதனால் படிக்காததைப் போடாதீர்கள். நீங்கள் படித்திருப்பது பதினைந்து கிளாசிக்தான் என்றால் அந்தப் பதினைந்திலிருந்தே பத்தை எடுங்கள். ஆறுதான் பிடித்தது என்றால் ஆறு போதும், மீதி இடங்களைக் காலியாக விட்டுவிடலாம்.

கேள்வி: ஐம்பது வருடம் ஆகிவிட்டால் எந்தப் புத்தகமும் கிளாசிக் ஆகிவிடுமா? அப்படியானால் பழைய தொடர்கதைகள் எல்லாம் கிளாசிக்தானே?

பதில்: ஐம்பது வருடம் என்பது வாசல் மட்டும். நூல் வெளிவந்த காலத்துப் பரபரப்பும் விளம்பரமும் அடங்கிப்போய், நூல் தன் காலில் தானே நிற்கிறதா என்று பார்க்க அவ்வளவு இடைவெளியாவது வேண்டும். ஏனென்றால் வெளிவந்த நேரத்துத் தீர்ப்பு பலமுறை தவறியிருக்கிறது. ‘மோபி டிக்’ 1851-இல் வந்தது. லண்டன் பதிப்பில் முடிவுரை விடுபட்டுப்போனதால், கப்பலில் எல்லோரும் இறந்தபின் கதை சொல்பவன் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். மெல்வில் 1891-இல் இறக்கும்வரை சுமார் மூவாயிரம் பிரதிகள்தான் விற்றிருந்தன. 1920-களில்தான் அந்த நூல் மீண்டும் எழுந்தது. ‘தி கிரேட் கேட்ஸ்பி’யும் அப்படித்தான். 1940-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் இறந்தபோது அதைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வீரர்களுக்கென்று அச்சிட்ட சிறு பதிப்புகளில் அதுவும் ஒன்றாகி, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் போயின. அப்படித்தான் அதற்குப் புது வாசகர்கள் வந்தார்கள்.

நம்மிடமே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று வரிசையாகச் சொன்னார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற பெரிய ஆசிரியரிடம் பாடம் கேட்டவருக்கு அந்த நூல்களைப் பார்க்கவே வாய்த்ததில்லை. பிறகு அவர் சுவடி தேடி அலைந்து, 1887-இல் சிந்தாமணியும் 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் அச்சில் வந்தன. அந்தக் காலத்தில் ஒரு தமிழறிஞரைப் பத்து நூல் சொல்லச் சொல்லியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட வந்திருக்காது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தொடர்கதை பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகப் போடலாம். ‘குற்றமும் தண்டனையும்’ 1866-இல் பத்திரிகையில் தொடராக வந்ததுதான்.

கேள்வி: ‘பிடித்தது’ வேறு, ‘சிறந்தது’ வேறு இல்லையா மேடம்? எதைக் கேட்கிறீர்கள்?

பதில்: பிடித்ததை. சிறந்ததைச் சொல்ல விமர்சகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலை முக்கியமானதுதான். க.நா.சு. வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தார், திட்டும் வாங்கினார். ஆனால் அவருடைய ‘படித்திருக்கிறீர்களா?’ நூலின் தலைப்பைப் பாருங்கள். தான் படித்து மகிழ்ந்ததை நம்மிடம் கொண்டுவந்து வைத்துவிட்டு நம்மைக் கேட்கிற குரல் அது. நம் பட்டியலும் அந்தக் குரலில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. மோதினால் பிடித்ததற்கே இடம் கொடுங்கள்.

கேள்வி: சரி, பிடித்ததுதான். ஆனால் இருபது வயதில் பிடித்தது இப்போது பிடிக்குமா என்று தெரியவில்லை. எந்த வயதின் தீர்ப்பைப் போடுவது?

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் தேர்வின் மையமே இதுதான்.

நான் டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’வை மூன்று முறை படித்திருக்கிறேன். முதல் தடவை இருபத்திரண்டு வயதில், அன்னாவுக்காக மட்டும். நிலக்கிழாரான லெவின் வயலில் இறங்கினால் பக்கங்களைத் தள்ளிவிடுவேன். இரண்டாவது தடவை முப்பத்தைந்தில். அப்போது நான் தள்ளிவிட்ட அதே பக்கங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. லெவின் குடியானவர்களோடு சேர்ந்து புல் அறுக்கிறான். முதுகு வலிக்கிறது, பிறகு வலி மறந்து அரிவாளே தானாக அறுப்பதுபோல் ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு கிழவர் தகர டப்பாவில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு கொடுக்கிறார். வெதுவெதுப்பான தண்ணீர், மேலே பச்சையாக ஏதோ மிதக்கிறது, தகரத்தின் துரு வாசனை. அதைவிட நல்ல பானத்தை லெவின் குடித்ததே இல்லை. முதல் வாசிப்பில் அந்தத் தண்ணீர் எங்கே போயிருந்தது என்று நினைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது முறை போன வருடம். இந்தத் தடவை அன்னாவின் அண்ணி டாலி. கணவன் துரோகம் செய்தவன், வீடு நிறையக் குழந்தைகள், கையில் பணமில்லை. அன்னாவைப் பார்க்க வண்டியில் போகும் வழியெல்லாம், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, தன்னைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கிறது. போய்ச் சேர்ந்த பணக்கார வீட்டில், நாகரிகமான வேலைக்காரியின் முன்னால் தன் ஒட்டுப்போட்ட மேலாடையை எடுக்க வெட்கப்படுகிறாள். தன் வீட்டில் அந்த ஒட்டுகளைப் போட்டுத் தைத்ததில் அவளுக்குப் பெருமைதான். இங்கே அதே ஒட்டு கூசுகிறது. அந்த ஒரு பத்தியில் ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுவதும் இருக்கிறது.

ஆகவே நான் செய்வது இது. இளமையில் பிடித்த நூலைப் பட்டியலில் போடுவதற்கு முன் நடுவிலிருந்து ஒரு முப்பது பக்கம் படித்துப் பார்ப்பேன். தொடக்கத்திலிருந்து படித்தால் பழைய ஞாபகம் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடும், நூலைச் சரியாகப் பார்க்க விடாது. முப்பது பக்கத்தில் முன்பு கண்ணில் படாத ஒன்று கிடைத்தால் அந்த நூல் உங்களோடு வளர்ந்திருக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் அந்த வயதின் சந்தோஷம் மறக்கவில்லை என்றால், அதற்கும் ஒரு இடம் கொடுக்கலாம். நான் அதற்கு எட்டிலிருந்து பத்து வரையிலான இடங்களை வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ‘கல்லிவரின் பயணங்கள்’ சிறு வயதில் சுருக்கமான பதிப்பில் படித்தது. அதை எழுதலாமா?

பதில்: முழு நூலை ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள். 1726-இல் வந்த அந்த நூலுக்கு நான்கு பாகங்கள். குழந்தைகளுக்கான பதிப்புகளில் பெரும்பாலும் குள்ளர்கள் நாடும் ராட்சதர்கள் நாடும்தான் இருக்கும். நான்காம் பாகத்தில் குதிரைகள் அறிவோடு ஆட்சி செய்கின்றன, மனித உருவில் இருப்பவை அருவருப்பான மிருகங்கள். கல்லிவர் வீடு திரும்பியதும் சொந்த மனைவி மக்களின் வாடையைக்கூடத் தாங்க முடியாமல், லாயத்தில் குதிரைகளோடு பேசிக்கொண்டிருக்கிறான். நீங்கள் சிறு வயதில் படித்தது நல்ல கதைதான். ஆனால் அது ஸ்விஃப்ட் எழுதிய நூலின் ஒரு பங்கு மட்டுமே.

கேள்வி: மொழிபெயர்ப்பில் படித்ததற்கு வாக்கு உண்டா? எந்தப் பெயரில் எழுதுவது?

பதில்: உண்டு. உலக இலக்கியத்தை நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறோம். நீங்கள் படித்த தமிழ்ப் பெயரையே எழுதி, மொழிபெயர்ப்பாளர் பெயரையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள். சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ என்று எழுதினால் விக்டர் ஹ்யூகோவின் நூல் கணக்கில் சேர்த்துவிடுவேன். டி.எஸ்.சொக்கலிங்கத்தின் ‘போரும் வாழ்வும்’, எம்.ஏ.சுசீலாவின் ‘அசடன்’, வெ.ஸ்ரீராமின் ‘அந்நியன்’ என்று சீட்டில் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும். நமக்காக வருடக்கணக்கில் உட்கார்ந்து உழைத்தவர்களின் பெயரைச் சொல்ல இது ஒரு வாய்ப்பு.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். ஐந்து இடம் எடுத்துக்கொள்ளுமா?

பதில்: ஒன்றுதான். ஒரே கதை பாகங்களாக வந்திருந்தால் ஒரு நூல். ‘டான் கிஹோத்தே’யின் இரண்டு பாகங்களுக்கும் நடுவே பத்து வருட இடைவெளி, 1605, 1615. அதுவும் ஒரே நூல்தான். ‘சிவகாமியின் சபதம்’ தனி.

கேள்வி: அம்மா, எனக்கு எழுபது ஆகிறது. நாவல் அதிகம் படித்தவன் இல்லை. திருக்குறளும் புதுமைப்பித்தன் கதைகளும்தான் என் வாசிப்பு. செல்லுமா?

பதில்: செல்லும் ஐயா. செய்யுள், நாடகம், சிறுகதை எல்லாம் உண்டு. சிறுகதை என்றால் ஒரு தனிக் கதையைச் சொல்லாமல் தொகுப்பைச் சொல்லுங்கள், கணக்கு சிதறாமல் இருக்கும். புதுமைப்பித்தன், செகாவ் இருவருக்கும் எந்தத் தொகுப்பைச் சொன்னாலும் ஒரே கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். குறளைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கிறது என்பதற்காக எழுதாமல், 1330 குறளில் நீங்களாகத் தேடிப் போகிற ஒரு அதிகாரம் இருந்தால் எழுதுங்கள். உங்கள் கேள்வியைப் பார்த்தால் கட்டாயம் இருக்கும் என்று தோன்றுகிறது.

கேள்வி: பாதியில் விட்ட புத்தகம்?

பதில்: வேண்டாம். ஆனால் தள்ளித் தள்ளிப் படித்து முடித்ததை எழுதலாம். ‘மோபி டிக்’கின் 135 அத்தியாயங்களில் திமிங்கில வகைகளை விவரிக்கும் 32-ஆம் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: எனக்குத் தஸ்தயேவ்ஸ்கியின் மூன்று நாவல்கள் பிடிக்கும். மூன்றையும் போட்டால் ஒன்றை ஒன்று கெடுக்குமா?

பதில்: கெடுக்கத்தான் செய்யும். பன்னிரண்டு பேர் அவரை முதலிடத்தில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் ‘குற்றமும் தண்டனையும்’, நான்கு பேர் ‘அசடன்’, மூன்று பேர் ‘கரமசோவ் சகோதரர்கள்’ என்று பிரிந்தால் மதிப்பெண் 50, 40, 30. புகழ்பெற்ற நூல் ஒன்றே ஒன்று உள்ள இன்னொரு எழுத்தாளருக்கு ஒன்பது பேர்தான் வாக்களிக்கிறார்கள், அவருக்கு 90. அதிக வாசகர்கள் உள்ளவர் பின்னால் போய்விடுகிறார். நிறைய எழுதிய பெரிய எழுத்தாளர்களுக்கு எல்லாப் பட்டியலிலும் நேர்கிற கஷ்டம் இது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1998-இல் மாடர்ன் லைப்ரரி என்ற அமெரிக்கப் பதிப்பகம் இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவல்கள் நூறைத் தேர்ந்தெடுத்தது. ஆசிரியர் குழு ‘யுலிஸிஸ்’ நாவலை முதலில் வைத்தது. வாசகர்களின் வாக்கில் முதல் பத்தில் ஏழு இடங்கள் இரண்டே எழுத்தாளர்களுக்குப் போயின. ரசிகர்கள் திரண்டு வாக்களித்தால் பட்டியல் அவர்களுடையதாகிவிடும். பிபிசி 2003-இல் நடத்திய பெரிய வாசகர் வாக்கெடுப்பில் இதற்காகவே முதல் 21 இடங்களில் ஒரு எழுத்தாளருக்கு ஒரு நூல்தான் என்று வைத்தார்கள். நாங்கள் அப்படி விதி வைக்கவில்லை. ஒருவருக்கு இரண்டு நூலுக்கு மேல் வேண்டாம் என்பது என் யோசனை மட்டும். நண்பர்களிடம் பேசி வைத்துக்கொண்டு ஒரே நூலை எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: வரிசை எண் அவசியமா? ஒன்றைவிட ஒன்று மேல் என்று எப்படிச் சொல்வது?

பதில்: கஷ்டம்தான். 2002-இல் நார்வே புத்தகக் கழகங்கள் 54 நாடுகளின் நூறு எழுத்தாளர்களிடம் கேட்டுத் தயாரித்த பட்டியலில் ‘டான் கிஹோத்தே’ ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிட்டு மற்ற எதற்கும் வரிசை எண் தரவில்லை. அது அழகான தீர்வு. ஆனால் நமக்கு எண்ணிக் கூட்ட எண் தேவை. முதல் மூன்றை யோசித்துப் போடுங்கள். நான்கு முதல் பத்து வரை மனம் போனபடி இருக்கட்டும்.

கேள்வி: போன முறை வந்த ஐம்பதில் பெண்கள் எழுதியவை நான்குதான். இதற்கு ஏதாவது செய்ய முடியாதா அக்கா?

பதில்: ஒதுக்கீடு வைக்க எனக்கு விருப்பமில்லை. படிக்கச் சொல்லத்தான் முடியும். பெண்கள் பெயர் போட்டு எழுதவே தயங்கிய காலம் இருந்தது. ஜேன் ஆஸ்டினின் ‘பெருமையும் தப்பெண்ணமும்’ 1813-இல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. முந்தைய நாவலை எழுதிய ஆசிரியர் என்று மட்டும் போட்டிருந்தது. மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கென்ஸ்டைன்’ 1818-இல் பெயரே இல்லாமல் வந்தது. பிரான்ட்டி சகோதரிகள் 1847-இல் ஆண் பெயர் போலத் தோன்றும் புனைபெயர்களில் வந்தார்கள். இன்னும் பின்னால் போனால், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய அரண்மனையில் இருந்த முரசாகி ஷிகிபு 54 அத்தியாயங்களில் ‘கெஞ்சியின் கதை’யை எழுதிவிட்டார். தமிழில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ 1936-இல் வந்தது. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நீலகிரியின் படுகர் வாழ்க்கை மாறிப்போவதைச் சொல்கிறது, அதை நான் ஒவ்வொரு முறையும் என் பட்டியலில் வைக்கிறேன். இவற்றில் ஒன்றையாவது இந்த மாதம் கையில் எடுங்கள். பிடிக்காவிட்டால் எழுத வேண்டாம்.

கேள்வி: பழைய நூல்களில் இன்றைக்கு ஏற்க முடியாத கருத்துகள் இருக்கின்றனவே. ‘ராபின்சன் குரூசோ’ கப்பல் உடைவது அடிமைகளை வாங்கப் போகும் பயணத்தில்தான். அதற்கு வாக்களிப்பது சரியா?

பதில்: அந்த இடத்தை நீங்கள் கவனித்துப் படித்திருக்கிறீர்கள், அதுவே முக்கியம். வாக்களித்தால் எழுதியவர் சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று ஆகாது. மனம் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதுவும் நேர்மையான வாசிப்பே.

கேள்வி: இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. சின்னதாக, ஆனால் பட்டியலில் வரத்தக்கதாக ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

பதில்: காஃப்காவின் ‘உருமாற்றம்’. டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’. க.நா.சு. மொழிபெயர்த்த ‘விலங்குப் பண்ணை’, அப்புறம் அவரே மொழிபெயர்த்த லாகர்குவிஸ்டின் ‘அன்புவழி’. ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’. எல்லாம் ஓரிரு நாளில் முடியும். ஒன்றை முடித்த அன்றே அடுத்ததைத் தொடங்காதீர்கள். ‘இவான் இலியிச்’சுக்குப் பிறகு ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரி எழுதச் சொல்கிறீர்கள். என்ன எழுதுவது? எனக்கு விமர்சனம் எழுத வராது.

பதில்: விமர்சனம் வேண்டாம். புத்தகத்தைத் திறக்காமலே ஞாபகம் வருகிற ஒரு இடத்தை எழுதுங்கள். முதல் பட்டியலில் அப்படி நடந்தபிறகுதான் இந்த வரியைக் கேட்கத் தொடங்கினோம். எழுத எதுவும் வரவில்லையா, அந்த நூலை எடுத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். போன முறை ஒருவர் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலுக்கு “அவன் அறையிலிருந்து அந்தக் கிழவி வீட்டுக்கு 730 எட்டு” என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அதே நாவலுக்கு, கோடரியை மறைக்கக் கோட்டுக்குள்ளே துணி வளையம் தைக்கிறானே, அந்த ஊசியும் நூலும் என்று எழுதினார். சிலப்பதிகாரத்துக்கு ஒருவர் இப்படி எழுதினார்: “சிலம்பை விற்கக் கிளம்பும் கோவலன்மேல் காளை பாய வருகிறது. அது கெட்ட சகுனம் என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்விட்டேன், மறுநாள்தான் திறந்தேன்.” இந்த அளவு எழுதினால் போதும்.